ரப்பரும் அதன் சுற்றத்தாரும்

கொற்கை முத்தின் புகழைக் கேளாத தமிழ் மாணவர் இலர். நான் பிறந்த ஆழ்வார்திருநகரியிலிருந்து கிழக்கே சில மைல் சென்றால் கொற்கையை அடையலாம். ஒரு காலத்தில் அலை மோதும் பட்டினமாயிருந்த அவ்வூர், பொருநை கொணர்ந்த வண்டல் மேவிக் கடல் விலகிப் போனமையால் இன்று வயல் சூழ்ந்த சிற்றூராக இருக்கிறது. கொற்கைக்குப் பின் காயல் ஓங்கியது. காயலுக்குப் பின் தூத்துக்குடி ஓங்கியது. 1961-ஆம் ஆண்டோடு அங்கும் முத்துக்குளிப்பு நின்றது. முத்தைப் பற்றிப் பேசியவர் பலர். நான் இன்று பேச எண்ணுவது, முத்தை எடுத்துக்கொண்டு நாம் எறிந்துவிடும் சிப்பியைப் பற்றி. அதிலும், அதன் இரண்டு ஓடுகளையும் முதுகுப்புறத்தில் இணைத்து நிற்கும் கறுத்த சிறு பட்டையைப் பற்றி.

சிப்பி தன் ஓடுகளை மூடுவதற்குத் தசையைப் பயன்படுத்துகிறது. திறப்பதற்கு அதற்குத் தனித் தசை இல்லை. மூடும்போது அந்தப் பட்டை அமுங்குகிறது. தசை தளர்ந்ததும் பட்டை தன் பழைய வடிவுக்கு மீண்டு ஓடுகளைத் திறந்துவிடுகிறது. செத்த சிப்பி வாய் பிளந்து கிடப்பது இதனால்தான். அதே சிப்பி, கடலடியில் மீனவர் ‘பார்’ என்று சொல்லும் பாறைத் திட்டை விடாமல் பற்றிக்கொள்ள ஒரு கற்றை நாரையும் தானே நூற்று வைத்திருக்கிறது. பட்டையும் புரதம், நாரும் புரதம். ஒன்று அமுக்கினால் அமுங்கி விட்டவுடன் எழுகிறது. மற்றொன்று இழுத்தாலும் எளிதில் நீளாமல் உறுதியாக நிற்கிறது. ஒரே உயிர் ஒரே வகைப் பொருளைக் கொண்டு இரு வேறு குணங்களை எப்படிப் படைத்தது? ரப்பருக்கும் நைலானுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள வேறுபாடு என்ன என்று என்னிடம் ரசாயனம் பயிலும் மாணவர் கேட்கும் கேள்வியும் இதுவேதான்.

முதலில் இவையெல்லாம் ஒரு குலம் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பருத்தி, பனந்தும்பு, பட்டு, நைலான், பிளாஸ்டிக் வாளி, ரப்பர் ஆகிய எல்லாம் ‘பாலிமர்’ என்னும் பலபடிச் சேர்மங்கள். சிறு மூலக்கூறு ஒன்றை மணியாகக் கொண்டு, ஆயிரக்கணக்கான மணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாலை போன்றது பாலிமரின் மூலக்கூறு. முத்துமாலையைக் கண்ட நமக்கு இது எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் 1920-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் ஸ்டாடிங்கர் இதை எடுத்துச் சொன்னபோது புலமை மிக்கவர்களே நகைத்தனர். அவ்வளவு பெரிய மூலக்கூறு இருக்கவியலாது, சிறு மூலக்கூறுகள் திரண்டு கூட்டமாக ஒட்டியிருப்பதே ரப்பர் என்பது அவர்கள் கட்சி. நெடுங்காலம் வாதாடி வென்ற ஸ்டாடிங்கருக்கு 1953-இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவர் வயது 72.

குலம் ஒன்றானாலும் குணம் வேறுபடுவது மாலைகள் கிடக்கும் கிடையினால். எங்கள் ஊர்த் தேரோட்டத்தில் வடம் பிடிப்பதைப் பாருங்கள். வடத்தின் புரிகள் அனைத்தும் ஒரே திசையில் நெருங்கிக் கிடக்கின்றன. ஆயிரம் பேர் இழுத்தாலும் அது நீள்வதில்லை. பருத்தி இழையின் உள்ளேயும் நைலான் இழையின் உள்ளேயும் மூலக்கூறு மாலைகள் இப்படித்தான் அணிவகுத்து, ஒன்றையொன்று இறுகப் பற்றிக் கிடக்கின்றன. நெல்லைச் சீமைப் பருத்தியும், பிரஷ் செய்வதற்கென்று ஐரோப்பாவுக்குப் போன பனந்தும்பும் தூத்துக்குடியின் பழைய ஏற்றுமதிச் சரக்குகள். இரண்டும் இந்த நார் வகையைச் சேர்ந்தவை.

பிளாஸ்டிக் இன்னொரு வகை. காயல்பட்டினத்துக்கு அண்மையில் சாகுபுரத்துத் தொழிற்சாலையில் பி.வி.சி. செய்கிறார்கள். அதில் சேரும் குளோரின், இக்கரையில் விளையும் உப்பைப் போன்ற சாதாரண உப்பிலிருந்து பிரிவது. பி.வி.சி. குழாயில் மாலைகள் அணிவகுப்பின்றிக் குழம்பித்தான் கிடக்கின்றன. ஆயினும் நம் வீட்டு வெப்பத்தில் அவை அசைய முடியாமல் உறைந்து போயிருக்கின்றன. சூடு ஏற்றினால் நெகிழும். அப்போது வேண்டிய வடிவில் வார்க்கலாம். ஆறினால் அவ்வடிவிலேயே நிற்கும்.

ரப்பர் மூன்றாம் வகை. விஞ்ஞானிகள் இவ்வகைக்கு ‘எலாஸ்டோமர்’ என்று பெயரிட்டிருக்கின்றனர். மீள்தன்மை உடைய பாலிமர் என்பது பொருள். இதில் மாலைகள் சுருண்டும் பின்னியும் குழம்பிக் கிடப்பதோடு, நம் வெப்பநிலையில் ஓயாமல் நெளிந்துகொண்டும் இருக்கின்றன. அது மட்டும் இருந்தால் அது வெறும் பிசின். இழுத்தால் மாலைகள் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கிப் போய்விடும், மீண்டு வராது. ஆகவே இடையிடையே, மிகச் சில இடங்களில் மட்டும், ஒரு மாலையை மற்றொன்றோடு முடிச்சிட்டிருக்க வேண்டும். சுருண்டு நெளியும் மாலை, உறையாத நிலை, அருகிய முடிச்சு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால் எலாஸ்டோமர். ஒன்று குறைந்தாலும் இல்லை. எஃகுக் கம்பியை அதன் நீளத்தில் நூற்றில் ஒரு பங்கு நீட்டினாலே அது பழைய அளவுக்குத் திரும்புவது அரிது. ரப்பர் நாடாவை ஐந்து மடங்கு இழுத்தாலும் அது திரும்பிவிடுகிறது.

இந்த உண்மையை மனிதர் கண்டறிந்த வரலாறு நெடியது. மத்திய அமெரிக்காவில் 3,000 ஆண்டுகளுக்கு முன்னரே மரப்பாலில் ஒரு கொடியின் சாற்றைக் கலந்து துள்ளும் பந்து செய்து விளையாடினர். ஐரோப்பிய அறிஞர் உலகுக்கு ரப்பரை முறையாக அறிமுகம் செய்தவர் பிரெஞ்சுக்காரரான லா கொந்தாமின். பூமியின் வடிவை அளக்கத் தென் அமெரிக்கா சென்றிருந்த அவர், 1736-இல் அதன் மாதிரியைப் பாரிஸுக்கு அனுப்பினார். பென்சில் எழுத்தை அழிக்க அது உதவும் என்பதை 1770-இல் ஜோசப் பிரீஸ்ட்லி குறித்து வைத்தார். தேய்த்து அழிப்பது என்னும் பொருளில்தான் ‘ரப்பர்’ என்ற ஆங்கிலப் பெயரே வந்தது. உலகத்தின் வண்டிகளையெல்லாம் தாங்கும் ஒரு பொருளுக்குப் பள்ளிப் பிள்ளையின் பிழையை அழித்ததைக் கொண்டு பெயர் நிலைத்துவிட்டது வேடிக்கைதான்.

1823-இல் சார்லஸ் மக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர்ப் பூச்சு வைத்து மழைச்சட்டை செய்தார். கோடையில் அது பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. முடிச்சில்லாத ரப்பரின் குறை அது. அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் பல ஆண்டு வறுமையிலும் கடன் சிறையிலும் உழன்று, 1839-இல் கந்தகம் கலந்த ரப்பர் அடுப்புச் சூட்டில் உருகாமல் பதமாவதைக் கண்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் என்பவரும் அம்முறையை 1843-இல் எட்டினார். அதற்கு ரோமானியரின் நெருப்புக் கடவுள் வல்கனின் பெயரால் ‘வல்கனைசேஷன்’ என்று பெயரிட்டனர். கந்தக அணுக்கள் மாலைகளுக்கிடையே பாலம் அமைத்து விடுகின்றன என்பதை அக்காலத்தவர் யாரும் அறியார். ஏன் என்று அறியாமலே செய்து முடித்த பெருஞ்செயல்களில் இது ஒன்று. கந்தகம் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு சேர்ந்தால் நாம் அறிந்த ரப்பர். முப்பது பங்குக்கு மேற்பட்டால் முடிச்சு மிகுந்து இறுகி, அதே பொருள் எபோனைட் ஆகிவிடுகிறது. பழைய எபோனைட் பேனாவைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். அது ரப்பர் மரத்துப் பாலின் வழிவந்தது என்று யார் நம்புவார்?

இதைவிட வியப்பானது கட்டாபெர்ச்சாவின் கதை. மலாய் நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் அது. ரப்பரிலும் கட்டாபெர்ச்சாவிலும் மாலையில் கோத்த மணி ஒன்றே. ஐந்து கார்பன் அணுவும் எட்டு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த ஐசோப்பிரீன் என்பதே அம்மணி. ஆனால் ஒவ்வொரு மணியிலும் திருக முடியாத ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. மாலையின் தொடர்ச்சி அப்பிணைப்பின் ஒரே பக்கமாக வந்து போனால் ரப்பர். எதிரெதிர்ப் பக்கமாக வந்து போனால் கட்டாபெர்ச்சா. ஒரே பக்கமாக அமைந்த மாலை கோணிக் கோணிச் செல்வதால் அடுக்குக்கு அடங்காமல் சுருள்கிறது. எதிரெதிராக அமைந்தது நேராகக் கிடந்து, பக்கத்து மாலையோடு பொருந்திப் படிகமாகிவிடுகிறது. அதனால் கட்டாபெர்ச்சா நம் வெப்பத்தில் மரக்கட்டை போல் கடினமானது. வெந்நீரில் இட்டால் களிமண்ணாகும். துள்ளாத இப்பொருள் உப்பு நீரில் கெடாது, மின்சாரத்தைக் கடத்தாது. 1850-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் இட்ட தந்திக் கம்பிக்கும், 1870-இல் பம்பாயை ஏடனோடு இணைத்த கம்பிக்கும் கட்டாபெர்ச்சாவே உறை. மரத்தை வெட்டி வீழ்த்திப் பால் எடுத்தமையால் அம்மரக் காடுகள் பெரும்பாலும் அழிந்தன. இன்று பல் வைத்தியர் பல்லின் வேரை அடைப்பதற்கு அதைப் பயன்படுத்துகின்றனர்.

ரப்பர் ஏன் மீள்கிறது? இங்கே நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். ஏனெனில் இதை முதலில் தொட்டறிந்தவர் கண் தெரியாத ஒருவர். இங்கிலாந்தில் கெண்டல் என்னும் ஊரினரான ஜான் கஃப், குழந்தைப் பருவத்தில் அம்மை கண்டு பார்வை இழந்தவர். அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்கு ஆசிரியராய் இருந்தவர். அவர் ரப்பர்த் துண்டு ஒன்றை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு சட்டென்று இழுத்தார். அது சுட்டது. தளர்த்தியதும் குளிர்ந்தது. பாரம் கட்டித் தொங்கவிட்ட ரப்பரைச் சூடேற்றினால் அது நீளவில்லை. குறுகிப் பாரத்தை உயர்த்தியது. இவற்றை அவர் 1805-இல் வெளியிட்டார். இரும்பும் பித்தளையும் சூட்டில் நீள்வன அன்றோ? இது நேர்மாறாக நடக்கிறது. 1859-இல் ஜூல் இதை நுட்பமாக அளந்து உறுதி செய்தார். ஆயினும் காரணம் விளங்க 1930-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெர்னர் கூன், யூஜின் குத், ஹெர்மன் மார்க் முதலியோர் அதை விளக்கினர்.

கோயில் வெளிப் பிராகாரத்தில் இருபது சிறுவர் கைகோத்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் விருப்பம்போல் குதித்துக் கூத்தாடினால், வரிசையின் இரு முனையும் தாமாகவே நெருங்கி வரும். நேர்வரிசையாய் நிற்பதற்கு ஒரே வழிதான் உண்டு. கோணிக் குழம்பி நிற்பதற்குக் கணக்கில்லாத வழிகள் உண்டு. முனைகளில் நிற்கும் இருவரைப் பிடித்து இழுத்து வரிசையை நேராக்க முயன்றால் உங்கள் கைகள் எதிர் இழுப்பை உணரும். சிறுவர்களுக்கு ஆட்டத்தில் உற்சாகம் ஏற ஏற அந்த இழுப்பும் மிகும். ரப்பரின் மாலையும் அப்படியே. சூடு என்பது மூலக்கூறுகளின் ஆட்டம். ஆகவே சூடு மிகுந்தால் ரப்பர் மேலும் வலிமையாய்ச் சுருங்க முயல்கிறது. எஃகு வில் மீள்வது, அணுக்களை அவற்றின் இடத்திலிருந்து விலக்கியதால். ரப்பர் மீள்வது, மாலைகளின் ஒழுங்கின்மையைப் பறித்ததால். கஃப் செய்த சோதனையை நீங்களே இன்று ஒரு ரப்பர் வளையத்தால் செய்து பார்க்கலாம். அகலமான வளையமானால் நன்றாகத் தெரியும்.

ஆட்டம் அடங்கிவிட்டால்? இயற்கை ரப்பர் பனிக்கட்டியின் குளிரை விடச் சுமார் 70 பாகை கீழே போனால் கண்ணாடி போல் உடைகிறது. வெவ்வேறு ரப்பருக்கு அந்த எல்லை வெவ்வேறு. எல்லையை எட்டுமுன்னரே மீளும் வேகம் மந்தமாகிவிடும். 1986 ஜனவரி 28-இல் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடியில் சிதறி ஏழு பேர் மாண்டனர். ராக்கெட்டின் இணைப்பை அடைத்திருந்த செயற்கை ரப்பர் வளையம் அன்றைய குளிரில் உடனே விரிந்து இடைவெளியை அடைக்கவில்லை. விசாரணைக் குழுவிலிருந்த ரிச்சர்ட் பைன்மன், அவ்வளையத்தின் துண்டு ஒன்றைக் கவ்வியில் நெருக்கிப் பனிநீரில் இட்டு, எடுத்த பிறகு அது உடனே மீளாததை எல்லாரும் காணக் காட்டினார். எங்கள் கரையில் கோடைக்கும் குளிருக்கும் வேறுபாடு சிறிது. ஆகையால் இந்தக் குணம் நம் கண்ணில் படுவதில்லை. சிப்பியின் பட்டையிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. ஈரம் இருக்கும் வரையில்தான் அதன் புரத மாலைகள் நெளியும். காய்ந்துவிட்டால் விறைத்து, அமுக்கினால் முறியும்.

இனி, இந்தப் பொருளுக்கும் நம் மக்களுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றுள் பெரும்பகுதி அவ்வாண்டே இலங்கைக்கு வந்து ஹெனரத்கொட தோட்டத்தில் வேர் கொண்டது. பின்னர் மலாயாவிலும் பரவியது. மோட்டார் வண்டி பெருகியதும் ரப்பரின் விலை ஏறி 1910-இல் உச்சியைத் தொட்டது. மரம் இருந்தது, விலை இருந்தது, கைகள் வேண்டியிருந்தன. கங்காணிகள் ஊர் ஊராய் வந்து ஆள் சேர்த்தனர். மலாயா செல்வோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். இலங்கைக்குத் தூத்துக்குடி வழியாகப் போனவர் பலர். 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறக்கும் வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகும் ரயில் பயணிகளும் தூத்துக்குடிக்கு வந்தே கப்பலேறினர். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இந்தத் தூத்துக்குடி–கொழும்பு வழியில் ஆங்கிலேயக் கம்பெனியின் ஏகபோகத்தை உடைக்கவே. அந்நாளைய கப்பல் தளத்தில் நின்ற கூலியாட்களையும் நினைத்துக்கொண்டு அவ்வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பால்மரம் வெட்டுவது விடியலுக்கு முன் தொடங்கும் வேலை. வெயில் ஏறுமுன் மரத்தில் பால் நன்றாக ஓடும். சாய்வாகப் பட்டையில் மெல்லிய சீவல் எடுக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. மிகுந்தால் மரம் புண்படும். சொட்டும் பாலைச் சிரட்டையிலோ கிண்ணத்திலோ ஏற்று, அமிலம் கலந்து உறையவைத்து, தகடாக அழுத்தி, புகையிட்டு உலர்த்துவார்கள். கிண்ணத்தில் தானே உறைந்ததும் பட்டையில் காய்ந்ததும் ஒட்டுப்பால். அதையும் உரித்துச் சேர்ப்பார்கள்.

1942 தொடக்கத்தில் ஜப்பானியர் மலாயாவையும் சிங்கப்பூரையும் கைப்பற்றினர். ரப்பருக்கு ஆசியாவையே நம்பியிருந்த அமெரிக்கா, பியூட்டடயீன், ஸ்டைரீன் என்னும் இரண்டு மணிகளைக் கலந்து கோத்த செயற்கை ரப்பரை ஓரிரண்டு ஆண்டில் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியது. அமெரிக்க ரசாயன நூல்கள் இதை வெற்றிக் கதையாகச் சொல்லும், வெற்றிதான். அதே ஆண்டுகளில், விற்பனை முடங்கிய தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டு போகப்பட்டு, பசியிலும் காலராவிலும் காட்டிலேயே மாண்டனர். அந்நூல்களில் அவர்கள் இல்லை.

போருக்குப் பின் ரப்பர்க் குடும்பம் விரிந்தது. 1965-இல் வந்த ஒரு வகையில் கந்தக முடிச்சே கிடையாது. மாலையின் இரு முனைகளிலும் பாலிஸ்டைரீன், நடுவில் ரப்பர். முனைகள் கூடிக் கூடிக் கெட்டியான சிறு கட்டிகளாகி முடிச்சின் வேலையைச் செய்கின்றன. சூடேற்றினால் கட்டி இளகி, பிளாஸ்டிக்கைப் போல் வார்க்க இடம் தரும். ஆறினால் மீண்டும் ரப்பர். செருப்பின் அடித்தோலாக இது நம் காலடிக்கே வந்துவிட்டது. பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் இடையே நான் மேலே போட்ட கோடு இங்கே சற்று அழிகிறது. கந்தகம் ஏற்றிய பழைய டயரையோ உருக்கி வார்க்க முடியாது. முடிச்சு நிலையானது, அதுவே அதன் பலமும், குப்பையான பின் அதனால் வரும் தொல்லையும்.

இவ்வளவு செயற்கை ரப்பர் வந்தும் உலகம் பயன்படுத்தும் ரப்பரில் ஏறத்தாழப் பாதி இன்னும் மரத்திலிருந்தே வருகிறது. காரணத்தைக் கஃப் அன்றே தொட்டுவிட்டார். நீட்டிய ரப்பரைக் குளிர்ந்த நீரில் இட்டால் அது நீண்டபடியே நின்றுவிடுவதையும், சூடு காட்டினால் மீள்வதையும் அவர் கண்டிருந்தார். இயற்கை ரப்பரில் மணிகள் பிசகாமல் ஒரே முறையில் கோத்திருப்பதால், இழுத்து நீட்டும்போது மாலைகள் வரிசையாகி அங்கங்கே படிகமாகின்றன. கிழிய இருக்கும் இடத்தில் அந்தப் படிகம் நார் போல் நின்று தடுக்கிறது; விட்டதும் கலைந்து ரப்பராகிறது. இரண்டு மணியைக் கலந்து கோத்த செயற்கை மாலையில் இவ்வொழுங்கு இல்லை. ஓடுதளத்தில் பெருஞ்சுமையோடு இறங்கும் ஆகாய விமானத்தின் டயர் இன்றும் பெரும்பாலும் மரப்பாலால் ஆனது.

நம் அண்டைக் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அம்மரம் வளர்கிறது. 1964 அக்டோபரில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, இலங்கைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அவர்களைக் கேட்டுச் செய்த ஏற்பாடு அன்று அது. திரும்பியோரில் ஒரு பகுதியினருக்குக் கீரிப்பாறை முதலிய இடங்களில் அரசின் ரப்பர்த் தோட்டங்களிலே மறுவாழ்வு அமைந்தது. 1984-இல் அத்தோட்டங்கள் அரசு ரப்பர் கழகம் ஆயின. பாட்டன் கடல் கடந்து கற்ற பால்வெட்டு, பேரனுக்கு மலையடிவாரத்தில் பிழைப்பாயிற்று. இருள் பிரியுமுன் தலையில் விளக்கோடு மரத்துக்கு மரம் நடக்கிறார்கள். மழை பெய்தால் அன்று வெட்டு இல்லை.